ஞானேஸ்வரி விளக்கு பார்க்கப் போனாள்!

அர்ச்சுனனின் முகத்தின் மேல் தலையணை இறங்கியது.

இறங்கி... அழுந்தியது!

கட்டுப் போட்ட கைகளால் அவன் காற்றைப் பிறாண்டினான். கால்கள் கட்டிலை உதைத்தன. கேட்க ஆளில்லை. ஆஸ்பத்திரி வாசலை சுல்தான் பிறந்தநாள் ஊர்வலம் கடந்துகொண்டிருந்தது. எழுந்து நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் முன்பக்க வராந்தாவில். பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது.

கால்களின் உதைப்பு மெதுவாக... மெதுவாக... அடங்கியது.

"யாரது?!"

கதவருகே நர்ஸ் ஞானேஸ்வரி. கையில் மருந்துத் தட்டு.

கட்டிலின் மேல் குனிந்திருந்த உருவம் திரும்பவில்லை. ஒரே தாவலில் பின்பக்க ஜன்னலைத் தாண்டியது!

ஞானேஸ்வரி வீசிய தட்டு ஜன்னல் சட்டத்தில் மோதிச் சிதறியது. அவள் ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட முதுகு ஒன்று செம்பருத்திச் செடிகளுக்குள் புகுந்து மறைந்தது. சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம் மட்டும் மிச்சம்.

திரும்பி ஓடி வந்தாள். அர்ச்சுனனின் நெஞ்சில் காதை வைத்தாள்.

நிமிர்ந்தாள்.

ஜன்னலை ஒரு முறை பார்த்தாள்.

வெள்ளைத் துணியை இழுத்து அவன் முகத்தை மூடினாள்.

டாக்டர் மூச்சிரைக்க வந்தார். அவர் காதில் அவள் ஏதோ சொன்னாள். டாக்டரின் புருவங்கள் உயர்ந்தன.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா டாக்டர். இந்த ரூமுக்குள்ள யாரையும் விடாதீங்க. யார் கேட்டாலும் வாயத் திறக்காதீங்க."

டாக்டர் தலையசைத்தார். அவள் வெளியே வந்ததும் கதவை உட்புறமாகத் தாழிட்டார்.

ஞானேஸ்வரி வார்டு அலுவலகத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள். பயத்தால் அல்ல... கோபத்தால்!

போன வாரம்தான் ரெங்கத்திலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தான் அர்ச்சுனன். மணிக்காடு ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி. விலா எலும்பு முறிந்திருந்தது. கைகளில் காயம். முதுகெல்லாம் பிரம்படி. அவன் சொன்ன கதை பயங்கரம்.

அவன் கூட்டாளி வீரமுத்து, தோட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். 'நிறைமாசப் பொம்பளைய எதுக்குங்க மழையில பெரட்டுக்கு நிறுத்துறீங்க?' காலையில் ஆள் கணக்கு எடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில் கேட்ட கேள்விக்கு, மாலையில் பதில் கிடைத்தது. மண்டை உடைந்து கிடந்தான் வீரமுத்து. மரம் விழுந்து செத்தான் என்று புதைத்துவிட்டார்கள். அடித்ததைக் கண்ணால் பார்த்தவன் அர்ச்சுனன் ஒருவன்தான்.

"அடிச்சது யாரு அர்ச்சுனா?"

"பேரை மேஜிஸ்திரேட்டு முன்னாடிதான் சொல்லுவேன் மிஸ்ஸி. இப்பவே சொன்னா உங்க உசுருக்கும் ஆபத்து."

நாளைக் காலை மேஜிஸ்திரேட் வருவதாக இருந்தது.

இன்று மாலை தலையணை வந்துவிட்டது!

ட்ரிங்... ட்ரிங்...

வார்டு அலுவலக மேஜை மேல் டெலிபோன் அலறியது. எடுத்தாள்.

"ஹலோ... ரெண்டாம் வார்டு."

துணியை வாயில் வைத்துப் பேசும் ஆண் குரல்.

"நர்ஸு... அவன் கதை முடிஞ்சுது. உன் கண்ணு பாத்தத உன் வாய் சொல்லக் கூடாது."

"யார் பேசறது?"

"இன்னிக்கு குவாட்டர்ஸ விட்டு வெளிய வராத. யாரோடயாச்சும் கதைச்சே... அடுத்த பொணம் நீதான்!"

அவள் பார்த்தது முதுகைத்தான். முகத்தை அல்ல. அதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள்.

சொல்லவில்லை!

"உங்க மூஞ்சிய நல்லாப் பாத்தேன்," என்றாள். அப்பட்டமான பொய். "இப்ப டவுனுக்கு விளக்கு பாக்கப் போறேன். நீலப் புடவை கட்டியிருப்பேன். ஆள் தெரியாம அலையாதீங்க!"

டக்!

அடுத்த போன் போலீஸ் ஸ்டேஷனுக்கு. துப்பறியும் பிரிவு சார்ஜெண்ட் சதாசிவம் எடுத்தார். அர்ச்சுனன் கேஸ் அவரிடம்தான் இருந்தது. நடந்ததை நாலே வரியில் சொன்னாள்.

"யார்னு ஏதாச்சும் தெரியுதாம்மா?"

"தோட்டத்து ஆள் மாதிரி பேசினான் சார். ஆனா 'கதைச்சே'ன்னு ஒரு வார்த்தை விழுந்திருச்சு. தோட்டத்து ஆளு 'பேசினே'ன்னுதான் சொல்லும். கதைக்கிறது எங்க யாழ்ப்பாணத்துப் பேச்சு. கால்ல வேற பூட்ஸு."

"உங்க ஆளுங்களா?!"

"அதான் சார் வயிறு எரியுது."

"அம்மா... எல்லா கான்ஸ்டபிளும் ஊர்வலத்துல இருக்கான். நீங்க வெளிய போகாதீங்க. சொன்னாக் கேளுங்க!"

"உள்ள உக்காந்தா அவன் நாளைக்கும் மிரட்டுவான். அவன் என்னைத் தேடி வரட்டும். நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பாருங்க. அப்புறம் என்னைத் தேடுங்க."

"இத்தனை கூட்டத்துல எங்கம்மா தேடறது?"

"எங்க வெளிச்சம் ஜாஸ்தியோ... அங்க!"

ஜொகூர் பாரு அன்று பற்றி எரிவது போலிருந்தது.

குன்றின் மேல் அரசாங்கக் கட்டடம் முழுக்க மின்சாரச் சரம். கடைத்தெருவில் பத்தடிக்கு ஒரு தோரணம். சீன வியாபாரிகள் கட்டிய வளைவில் நெருப்புக் கண்ணோடு இரண்டு டிராகன்கள். மலாய்க்காரர்கள் வீட்டு வாசல்களில் வரிசையாக எண்ணெய் விளக்குகள். தெருவை ஒட்டி ஓடும் செகெட் ஆற்றில் அத்தனை விளக்கும் தலைகீழாக மிதந்தன. ரெங்கத்திலிருந்தும் லாயாங் லாயாங்கிலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கிய தோட்டத்து ஜனங்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். சாத்தே இறைச்சிக் குச்சிகளை வாட்டும் புகை. கச்சான் கடலை விற்பவனின் கூவல். பீப்பீ ஊதும் பிள்ளைகள்.

நடுவில் நீலப் புடவையில் ஞானேஸ்வரி.

தனியாக!

மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு விளக்காகப் பார்த்தாள். உண்மையில் அவள் பார்த்தது விளக்கை அல்ல. கால்களை! செருப்பு... வெறுங்கால்... மிதியடி... வெறுங்கால்...

பூட்ஸ்!

விறைத்தாள். ஒரு சீக்கியக் காவலாளி. பேரக் குழந்தையைத் தோளில் சுமந்தபடி அவளைத் தாண்டிப் போனார்.

மூச்சு விட்டாள்.

அப்போது...

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் விழுந்தது!

"ஐயோ!"

"பயந்திட்டீரோ பிள்ளை? நான்தான்."

விசுவலிங்கம்!

ஐம்பது வயது. தும்பைப் பூப் போல வெள்ளைக் கோட்டு. தலையில் தொப்பி. கையில் மடித்த அங்கவஸ்திரம். அவள் அப்பாவோடு ஒரே கப்பலில் மலாயாவுக்கு வந்தவர். அப்பா செத்தபோது பாடையின் முன்பக்கத்தைத் தோளில் ஏற்றியவர். மணிக்காடு தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி தோட்டமே அவர் சொல்லுக்குத்தான் அசையும்.

"விசுவலிங்கம் மாமாவோ... நான் வேற ஆரோ எண்டு நினைச்சிட்டன்."

"தனிய ஏன் திரியிறீர்? காலம் கெட்டுக் கிடக்கு. வாரும், நான் கூட வாறன்."

இருவரும் சேர்ந்து நடந்தார்கள். டிராகன் வளைவைத் தாண்டினார்கள்.

"எங்கட தோட்டத்துப் பெடியன் அர்ச்சுனன் உம்மட வார்டிலதானே இருந்தவன்? செத்துப் போனானாம். பாவம்!"

ஞானேஸ்வரியின் நடை ஒரு கணம் தடுமாறியது.

"ஆர் மாமா சொன்னது?"

"ஊரெல்லாம் கதைக்கினம்."

அவள் குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள்.

பளபளக்கும் கறுப்பு பூட்ஸ். ஓரத்தில் ஒரு செம்பருத்தி இதழ் நசுங்கி ஒட்டியிருந்தது!

அவர் தோளைப் பார்த்தாள். பாடையைச் சுமந்த தோளா? அந்தத் தோளா?!

"மிஸ்ஸி! மிஸ்ஸி!"

சாப்பாட்டுக் கடை வாசலில் ருக்னுதீன் கையாட்டினார். ராமநாதபுரத்துக்காரர். போன மாதம் அவர் மனைவி ஜெய்னம்புக்குப் பிரசவம் பார்த்தவள் ஞானேஸ்வரி.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மிஸ்ஸி! ஐயாவும் வாங்க!"

"வர்றேன் பாய்..."

"பிறகு குடிக்கலாம்." விசுவலிங்கம் அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். பிடி இறுகியது. "வாணவேடிக்கை தொடங்கப் போகுது. ஆத்து முகத்துவாரத்தில எனக்குப் படகு நிக்குது. அங்கயிருந்து பார்த்தால் வடிவாத் தெரியும்."

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். தெரு முடியும் இடத்தில் விளக்குச் சரங்களும் முடிந்தன. அதற்கப்பால் மையிருட்டு. தண்ணீர் சளப் சளப் என்றது.

"அங்க இருட்டாக் கிடக்கு மாமா."

"இருட்டிலதானே வேடிக்கை வடிவாத் தெரியும்."

அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவள் விலாவில் அழுந்தியது.

கூர்மையாக!

"பேசாமல் நடவும்," என்றார். முகத்தில் அதே சிரிப்பு. "பால்வெட்டுக் கத்தி. நாளைக்கு உம்மட உடம்பு கிடைச்சால், தோட்டத்துக் கூலி ஒருத்தன்தான் குத்தினவன் எண்டு போலீஸ் எழுதும்."

"டெலிபோனில வெருட்டினது நீங்கதானே?"

"வெளிய வர வேண்டாம் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன். நீர் கேக்கேல்லை."

"வீரமுத்துவையும் நீங்களோ?"

"எல்லாருக்கும் முன்னால என்னைக் கேள்வி கேட்டவன்! இவங்களை விட்டால் நாளைக்கு எங்கட தலையில ஏறுவாங்கள். பிள்ளை, உமக்கு இன்னும் ஒரு வழி இருக்கு. என்னைக் காணேல்லை எண்டு சத்தியம் பண்ணும். நாங்கள் ஒரே ஊர், ஒரே ஆக்கள். ஒரு கூலிக்காரனுக்காக எங்கட ஆளைக் காட்டிக் குடுக்கப் போறீரோ?"

ஞானேஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம்!"

கத்தி முனை புடவையைத் துளைத்தது. சூடாக ஏதோ இடுப்பில் வழிந்தது.

"அப்ப... நடவும் இருட்டுக்கு!"

எதிரே ஒரு பெரிய வளைவு. ஊர் இந்தியர்கள் கட்டியது. தென்னங்குருத்துத் தோரணத்துக்குள் நூற்றுக்கணக்கான பல்புகள். அந்தத் தெருவிலேயே வெளிச்சம் அதிகமான இடம் அதுதான். அடுத்த அடியில் வெளிச்சம் முடியும்.

வளைவின் நேர் கீழே ஞானேஸ்வரி நின்றாள்.

அப்புறம்...

நடுத்தெருவில், புதுப் புடவையோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்!

"எழும்பும்!" பல்லைக் கடித்தார் விசுவலிங்கம்.

"மாட்டன்."

"எழும்பும் எண்டுறன்!"

"இருட்டுக்கு நான் வர மாட்டன். கொல்லுறதெண்டால் இதில வச்சுக் கொல்லுங்கோ. ஊர் பார்க்கட்டும்!"

அடுத்து அவள் போட்ட கூச்சல் பேண்டு வாத்தியத்தையே அடக்கியது.

"எல்லாரும் இங்க வாங்க! மணிக்காடு தோட்டத்து ஆளுங்க யாராச்சும் இருந்தா வாங்க! உங்க கிராணி ஐயா என்னைக் கத்தியால குத்தறாரு!"

கூட்டம் திரும்பியது. ஓடி வந்தது. வட்டமாகச் சூழ்ந்தது.

விசுவலிங்கத்தின் கத்தி அங்கவஸ்திரத்துக்குள் மாயமாய் மறைந்தது. குரலை உயர்த்தினார். இப்போது தோட்டத்துப் பேச்சு சுத்தமாக வந்தது.

"நம்பாதீங்க! இவளுக்குப் பைத்தியம்! நம்ம அர்ச்சுனனை ஆஸ்பத்திரியில தப்பான மருந்து குடுத்துக் கொன்னுட்டா! நான் நியாயம் கேட்டேன்... என் மேலயே பழி போடறா!"

"ஐயோ அர்ச்சுனா!"

ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டாள். கைக்குழந்தையோடு நின்ற அவள், செல்லம். வீரமுத்துவின் மனைவி. அர்ச்சுனனைப் பார்க்க ஒரு முறை வார்டுக்கு வந்தவள். பெரட்டில் மழையில் நிறுத்தப்பட்ட நிறைமாசக்காரியும் அவள்தான்.

கூட்டம் கொதித்தது. "கொன்னுட்டாளா?" "நர்ஸுன்னா எதுவும் செய்யலாமா?" யாரோ ஒருவன் கல்லைத் தேடினான்.

ஞானேஸ்வரி எழுந்திருக்கவில்லை. இடுப்பில் ரத்தம் நீலப் புடவையைக் கறுப்பாக்கியிருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"செல்லம்... அர்ச்சுனன் செத்துட்டான்னு உனக்கு யார் சொன்னா?"

"இப்ப... கிராணி ஐயாதானே சொன்னாரு!"

"அதுக்கு முன்னாடி?"

"தெரியாதுங்களே!"

"வேற யாருக்காச்சும் தெரியுமா? இந்தத் தெருவுல ஒருத்தருக்காச்சும்?"

தலைகள் 'இல்லை' என்று அசைந்தன. முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"ஊரெல்லாம் பேசுதுன்னு என்கிட்ட சொன்னாரே... எந்த ஊரு அது?"

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க!" விசுவலிங்கத்தின் நெற்றியில் வியர்வை.

"ஆஸ்பத்திரியில யாரும் சொல்லலையே. நானும் டாக்டரும்தான் அவன் பக்கத்துல இருந்தோம். ரெண்டு பேரும் வாயே திறக்கலையே!"

செல்லம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிராணியை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவரை அவர் முன்னால் நிமிர்ந்து நின்று பழகாதவள், ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எம் புருசன் மேல மரம் விழுந்திருச்சுன்னும் நீங்கதான் மொத ஆளா வந்து சொன்னீங்க," என்றாள். "சாவு சேதியெல்லாம் எப்படிங்க... மொதல்ல உங்களுக்கே வருது?"

"வாய மூடுடி!"

"மூட மாட்டேங்க."

குழந்தையோடு ஞானேஸ்வரியின் பக்கத்தில், நடுத்தெருவில் உட்கார்ந்தாள் செல்லம்.

கல்லைத் தேடியவன் கையை உதறிவிட்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றான்.

"வழி விடுங்க! போலீஸ்! வழி விடுங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சார்ஜெண்ட் சதாசிவம் வந்தார். சட்டை நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக் குன்றிலிருந்து ஓட்டமாக ஓடி வந்த களைப்பு.

"சார்ஜெண்ட்! நல்ல நேரத்துல வந்தீங்க!" விசுவலிங்கம் முந்திக்கொண்டார். "அர்ச்சுனன் கொலையில இவளைப் பிடிங்க!"

"கொலையா?" சதாசிவம் தலையைச் சொறிந்தார். "எந்த அர்ச்சுனன்?"

"எங்க தோட்டத்து அர்ச்சுனன்தான்!"

"இப்ப நான் அவன்கிட்டருந்துதானே வர்றேன்! கட்டில்ல சாஞ்சு உக்காந்து... கஞ்சியில உப்பு பத்தலன்னு டாக்டரைத் திட்டிக்கிட்டிருக்கான்!"

தெருவே உறைந்தது.

விசுவலிங்கத்தின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை!

"உசுரோட... உசுரோடயா?!"

"நெஞ்சு மெலிசா துடிச்சுக்கிட்டிருந்துச்சு மாமா," என்றாள் ஞானேஸ்வரி. "நீங்க ஜன்னல் பக்கம் ஒளிஞ்சிருந்து, உசுரு இருக்குன்னு பார்த்தா மறுபடி வருவீங்க. அதான் துணியை இழுத்து முகத்தை மூடினேன். பொணம்னு நீங்க நினைச்சுக்கணும்னு. அவன் செத்துட்டான்னு இந்த உலகத்துல நம்பினது ஒரே ஒரு ஆள்தான்... தலையணையைப் பிடிச்ச ஆள்!"

"அர்ச்சுனன் பேரையும் சொல்லிட்டான்," என்றார் சதாசிவம். "வீரமுத்துவை அடிச்சது யாருன்னு. மேஜிஸ்திரேட் வர்ற வரைக்கும் இனிமே பொறுத்திருக்க முடியாதாம்."

அங்கவஸ்திரம் பறந்தது! கத்தி மின்னியது! விசுவலிங்கம் இருட்டை நோக்கிப் பாய்ந்தார்!

இரண்டே அடி.

தோட்டத்து ஆட்கள் அவரை அடிக்கவில்லை. தொடக்கூட இல்லை. தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஆண்கள், பெண்கள், கிழவர்கள். கத்தியைப் பார்த்தும் ஒருவரும் கண்ணைச் சிமிட்டவில்லை. வழியும் விடவில்லை.

"விலகுங்கடா! நான் கிராணிடா!"

"தெரியுதுங்க," என்றது ஒரு குரல், வெகு மரியாதையாக.

இந்தப் பக்கம் திரும்பினார். இங்கேயும் சுவர். அந்தப் பக்கம் திரும்பினார். அங்கே ருக்னுதீன்... கையில் ஆவி பறக்கும் தேத்தண்ணிக் கெட்டில்!

"அலமாக்! ஐயா, கத்தியக் கீழ போடுங்க," என்றார் ருக்னுதீன். "இப்பத்தான் கொதிக்கக் கொதிக்க எறக்குனேன்லா!"

கத்தி தார் ரோட்டில் விழுந்து துள்ளியது.

சதாசிவம் விலங்கை மாட்டினார். க்ளிக்!

ஜெய்னம்பு கடைக்குள்ளிருந்து சுத்தமான துணி கொண்டு வந்து ஞானேஸ்வரியின் இடுப்பில் அழுத்திக் கட்டினாள். காயம் ஆழமில்லை. செல்லம் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

விசுவலிங்கம் அவளைப் பார்த்து உறுமினார்.

"நாளையிலயிருந்து எங்கட ஆக்கள் ஒருத்தரும் உம்மோட கதைக்க மாட்டினம். பாரும்!"

"கதைக்கிற ஆக்கள் எனக்கு இருக்கினம் மாமா." அவள் பின்னால் கையைக் காட்டினாள். ஒரு தோட்டமே நின்றது. "கொஞ்சம் சத்தமாவே கதைப்பினம்."

டும்...ம்ம்!

ஆறு போய்ச் சேரும் ஜலசந்திக்கு மேல் முதல் வாணம் வெடித்தது. அதைக் கடக்கும் பாலத்துக்கு மேலே பச்சையும் சிவப்புமாக வானம் பூத்தது. கூட்டம் "ஆ!" என்று அண்ணாந்தது.

"வாங்கம்மா," என்றார் சதாசிவம். "ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் எழுதிக்கலாம்."

"வர்றேன் சார். ஆனா கடற்கரை ரோட்டு விளக்க இன்னும் பாக்கவே இல்ல. ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வருவேன்."

"என்னம்மா நீங்க! கையில கைதிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஞானேஸ்வரி புடவைத் தலைப்பை உதறிச் சொருகினாள். செல்லத்தின் குழந்தையை வாங்கி இடுப்பின் நல்ல பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நடக்க ஆரம்பித்தாள்.

"அவரையும் கூட்டிட்டு வாங்க சார். நல்லாப் பாத்துக்கட்டும்... இனிமே அவருக்கு ராத்திரி ஏழு மணிக்கே விளக்கை அணைச்சிருவாங்க!"